வாசகர் கேள்வி: பாலெடுக்கும் நேரத்தில் நிலாவில் இறங்கியவர்கள்

சென்ற இதழில் நிலாவைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை எழுதும்போது, நிலாவில் மனிதர் நடந்த செய்தியை அன்றே காதாரக் கேட்ட தலைமுறை நம் மலேசிய ரப்பர் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறது என்றும், அவர்கள் எழுதினால் மகிழ்வேன் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சில கடிதங்கள் பள்ளிக் குறிப்பேட்டுத் தாளில் கையால் எழுதப்பட்டவை. சில, பாட்டி சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் தட்டி அனுப்பியவை. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இப்பகுதி முழுவதையும் இவற்றுக்கே தருகிறேன்.

கேள்வி: எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் மரம் வெட்டும் (பட்டையைச் சீவிப் பாலெடுக்கும்) வேலை செய்துகொண்டிருந்தேன். நிலாவில் ஆள் இறங்கிவிட்டான் என்று கங்காணி வந்து சொன்னபோது நான் நிரையில் பாலெடுத்துக்கொண்டிருந்தேன். வாளியில் பாதிப் பால் இருந்தது. அன்று திங்கட்கிழமை. ஆனால் என் பேரன், ஜூலை 20 ஞாயிற்றுக்கிழமை இரவு என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது என்கிறான். யார் சொல்வது சரி? (சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா)

பதில்: உங்கள் நினைவு சரிதான் அம்மா. பேரன் படித்ததிலும் தவறில்லை. அவர் பார்த்தது அமெரிக்கக் கணக்கு, உங்களுடையது நம் ஊர்க் கணக்கு. அக்காலத்தில் தீபகற்ப மலேசியாவின் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஏழரை மணி முந்தியிருந்தது. இன்றுள்ள எட்டு மணி நேரக் கணக்கு 1982 பிறந்தபோதுதான் வந்தது. அந்தப் பழைய கணக்கின்படி, அப்பல்லோ 11-இன் இறங்கு கலமான 'ஈகிள்' நிலாவின் அமைதிக் கடலில் இறங்கியது 1969 ஜூலை 21, திங்கட்கிழமை அதிகாலை 3.47-க்கு. தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) மணி அடிக்கவும் நேரம் இருந்தது. நீல் ஆர்ம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து இறங்கி முதல் அடியை வைத்தபோது நமக்குக் காலை 10.26. வெட்டிய மரங்களில் பால் ஒழுகி நின்று, மங்குகளைக் கவிழ்த்து வாளியில் சேர்க்கும் நேரம் அதுதானே? கங்காணி நடந்து வந்து சொல்ல எடுத்த நேரத்தையும் சேர்த்தால், உங்கள் அரை வாளிப் பால் மிகத் துல்லியமான சாட்சியம். ஆர்ம்ஸ்ட்ராங்கும் எட்வின் ஆல்ட்ரினும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வெளியில் நடந்துவிட்டு மீண்டும் கலத்துக்குள் ஏறி அடைத்துக்கொண்டது நம் நேரப்படி நண்பகல் 12.41-க்கு. மூன்றாமவரான மைக்கேல் காலின்ஸ் அந்நேரம் முழுவதும் மேலே தாய்க்கலத்தில் தனியாக நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் அப்போது தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பில் இருந்தேன். தலைமையாசிரியர் தம் வீட்டு டிரான்சிஸ்டர் வானொலியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, அதன் ஏரியலில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையைச் சன்னல் கம்பியில் முடிந்திருந்தார். சிற்றலை இரைச்சலுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஏதோ வரும். அவர் கையை உயர்த்துவார். நாங்கள் மூச்சையும் அடக்கிக்கொள்வோம். பிறகு அவர் ஒரு வாக்கியம் தமிழில் சொல்வார். 'இறங்கிவிட்டார்' என்று அவர் சொன்னபோது எங்களில் ஒருவரும் கைதட்டவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வாண்டு மே மாத இனக் கலவரத்துக்குப் பிறகு நாடு அவசரகால ஆட்சியில் இருந்த நாள்கள் அவை. வானொலியைச் சுற்றிப் பெரியவர்கள் கூடினாலே கெட்ட செய்தியாக இருக்குமோ என்று பிள்ளைகள் அஞ்சியிருந்த நேரத்தில், அஞ்ச வேண்டாத ஒரு செய்தியை அன்று கேட்டோம்.

இன்னொன்றையும் பேரனிடம் சொல்லுங்கள். அவர்கள் முதலடி வைத்த நேரத்தில் நம் வானத்தில் நிலா இல்லை. ஆடி பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன; வளர்பிறையின் ஆறாம் ஏழாம் நாள்; முந்தின இரவே நிலா மேற்கில் மறைந்துவிட்டது. பௌர்ணமிக்குப் போகாமல் அரைகுறைப் பிறையில் போனது தற்செயலன்று. இறங்கும் இடத்தில் காலைக் கதிரவன் தாழ்வாக இருந்தால்தான் பாறையும் பள்ளமும் நீண்ட நிழல் விழுத்தி விமானியின் கண்ணுக்குத் தெரியும். ஆறு பயணங்களிலும் இறங்கு நாளை அப்படித்தான் தேர்ந்தார்கள்.

கேள்வி: நிலாவுக்குச் சென்றவர்களின் உடையில் ரப்பர் இருந்தது என்று ஒரு நண்பர் சொன்னார். கித்தா மரத்துப் பால் அவ்வளவு தூரம் போனதா? (கோலகங்சார் வாசகர்)

பதில்: போனது ஐயா, அதுவும் உயிர் காக்கும் இடத்தில் இருந்துகொண்டு போனது. நிலாவில் காற்று இல்லை. உடைக்குள் அடைத்துவைத்த ஆக்சிஜனின் அழுத்தம்தான் உள்ளே இருப்பவரை உயிரோடு வைக்கும். ஆனால் காற்றடைத்த பை எதுவும் விறைத்து நிற்கும். மிதிவண்டி டியூபில் காற்றடித்துவிட்டு அதை மடக்கிப் பாருங்கள், புரியும். அப்படி விறைத்த உடையோடு குனியவும் முடியாது, கையை மடக்கிக் கல்லைப் பொறுக்கவும் முடியாது. ஆகவே தோள், முழங்கை, முழங்கால் ஆகிய மூட்டுகளில் ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பான குழாய்களைப் பொருத்தினார்கள். இயற்கை ரப்பரும் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரும் கலந்த பாலில் அச்சைத் தோய்த்து, உலர்த்தி, மறுபடியும் தோய்த்து, அந்த மடிப்புகளைக் கையாலேயே உருவாக்கினார்கள்.

அந்தப் பால் நம் தோட்டத்துப் பால் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. ஆயினும் அக்காலத்தில் உலகிலேயே மிகுதியாக இயற்கை ரப்பர் விளைவித்த நாடு மலேசியா என்பதையும், உங்கள் ஊர் மாவட்ட அலுவலகத்துக்கருகே வேலி போட்டுக் காக்கப்படும் முதுமரம் 1877-இல் இங்கு வந்த கன்றுகளின் காலத்தது என்பதையும் நினைக்கும்போது, விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரையில் நடந்தவர்களுக்கும் அந்த உடைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த உடையைத் தைத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், பெண்களின் உள்ளாடை தயாரித்துப் பேர்பெற்ற ஒரு நிறுவனத்தின் பிரிவு அது. உள்ளாடையும் குழந்தைத் துணியும் தைத்துப் பழகிய பெண்களே தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்து இருபத்தொரு அடுக்கு கொண்ட அந்த உடையைத் தைத்தார்கள். மேலடுக்கு, தீப்பற்றாத கண்ணாடி இழைத் துணி. 1967 ஜனவரியில் அப்பல்லோ 1-இன் ஒத்திகையில் கலத்துக்குள் தீப்பிடித்து கிரிஸம், ஒயிட், சாஃபி என்னும் மூவர் மாண்ட பிறகு வந்த மாற்றம் அது. தையற்காரர் துணியைப் பிடித்துவைக்கக் குண்டூசி குத்துவது வழக்கம். அந்த ஊசி ஒன்று அடுக்குகளுக்கிடையே தங்கிவிட்டால் உடை துளைபட்டு உள்ளிருப்பவர் இறந்துபோவார். ஆகவே முடிந்த பகுதிகளை ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்ரே) எடுத்து ஊசி தேடினார்கள். கணினிக்கும் இதே கதைதான்: 'ஈகிள்' கலத்தை வழிநடத்திய கணினியின் நிலையான நினைவகத்தை மாசசூசெட்ஸில் பெண்கள் மெல்லிய கம்பியைக் காந்த வளையங்களுக்குள்ளும் புறத்தேயும் கோத்துக் கோத்துப் பின்னினார்கள். வளையத்துக்குள் கம்பி சென்றால் ஒன்று, வெளியே சென்றால் சுழியம். ஒரு கம்பி இடம் மாறினால் நிரலே மாறிவிடும். அப்பல்லோ திட்டத்தில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் உழைத்தார்கள் என்பார்கள். அந்த எண்ணை நான் எங்கே படித்தாலும் எனக்குத் தோன்றுவது இந்தக் கைகள்தாம்.

இப்போது அந்த உடைகள் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரப்பர் இறுகி வெடிக்கத் தொடங்கிவிட்டதால் குளிர்ந்த, ஈரமற்ற அறையில் வைத்துக் காக்கிறார்கள். ரப்பர் எப்படிக் கெடும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கேள்வி: மொத்தம் எத்தனை பேர் நிலாவில் நடந்திருக்கிறார்கள்? (பீடோர் வாசகி)

பதில்: பன்னிருவர். 1969 ஜூலை முதல் 1972 டிசம்பர் வரை, மூன்றரை ஆண்டுக்குள் ஆறு முறை இறங்கினார்கள். ஒவ்வொரு முறையும் இருவர். அப்பல்லோ 13 மட்டும் ஆக்சிஜன் கலன் வெடித்ததால் இறங்காமல் நிலாவைச் சுற்றித் திரும்பியது. மூவரும் உயிரோடு வந்தார்கள். கடைசியாக நிலாவிலிருந்து ஏறியவர்கள் யூஜின் செர்னனும், நிலவியல் அறிஞரான ஹாரிசன் ஷ்மிட்டும்.

கேள்வி: இதெல்லாம் படப்பிடிப்பு அரங்கில் எடுத்தது என்று கைப்பேசியில் காணொளிகள் வந்துகொண்டே இருக்கின்றன. கொடி அசைகிறது, வானத்தில் விண்மீன் இல்லை என்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (தாப்பாவிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, கேட்பதில் தவறில்லை, விடை கிடைத்த பிறகும் கேட்காதவர்போல் இருப்பதுதான் தவறு. கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி உண்டு. காற்றில்லாத இடத்தில் கொடி தொங்கிப்போகக்கூடாது என்பதற்காகவே வைத்தது. கம்பத்தை ஊன்றும்போது துணி ஆடியது. தடுக்கக் காற்று இல்லாததால் சற்று அதிகமாகவே ஆடியது. வெயிலில் பளபளக்கும் தரையைப் படமெடுக்கும் அளவுக்குக் கேமராவை அமைத்தால் மங்கலான விண்மீன் பதியாது. இரவில் நம் ஊர்த் திடலில் விளக்கொளியில் பந்தாட்டம் நடக்கும்போது படமெடுத்துப் பாருங்கள், வானம் வெறும் கறுப்பாகத்தான் விழும்.

ஆனால் இவற்றைவிட எனக்கு வலுவாகப் படுவது வேறு. அப்பல்லோ 11, 14, 15 ஆகிய மூன்று குழுவினரும் நிலாவில் லேசர் ஒளியை வந்த வழியே திருப்பியனுப்பும் கண்ணாடித் தட்டுகளை வைத்துவிட்டு வந்தார்கள். இன்றும் வானாய்வகங்கள் அவற்றின்மீது ஒளி பாய்ச்சித் தூரம் அளக்கின்றன. நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிச் செல்கிறது என்பது அப்படி அளந்து கண்டதுதான். 2009 முதல் நிலாவைச் சுற்றிவரும் ஆய்வுக்கலம், இறங்கு கலங்களின் அடிப்பகுதிகளையும் அவர்கள் நடந்த தடங்களையும் படம் பிடித்திருக்கிறது. அதோடு, போட்டியாளரை எண்ணிப்பாருங்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவில் இருந்த அதே நேரத்தில், அவர்கள் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பு, சோவியத் ஒன்றியத்தின் ஆளில்லாக் கலமான லூனா 15 நிலாவில் மோதி நொறுங்கியது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கி இரு கலங்களின் சமிக்ஞைகளையும் கேட்டுக்கொண்டிருந்தது. பொய்யாக இருந்திருந்தால் முதலில் உரக்கக் கூவியிருக்க வேண்டியவர்கள் சோவியத்துகள். அவர்கள் கூவவில்லை.

கேள்வி: கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்களே, அதனால் என்ன தெரிந்துகொண்டார்கள்? (ஈப்போவிலிருந்து, நாமக்கல்லைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவர்)

பதில்: ஆறு பயணங்களிலும் சேர்த்து 382 கிலோ கொண்டுவந்தார்கள். அவற்றுள் மிகப் புகழ்பெற்றது, 1971 ஆகஸ்ட் முதல் நாள் அப்பல்லோ 15-இன் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ஒரு பள்ளத்தின் விளிம்பில் கண்டெடுத்த, 269 கிராம் மட்டுமே எடையுள்ள வெண்ணிறக் கல். மண்மேட்டின்மீது, எடுத்துக்கொள் என்பதுபோல் அது தனியே உட்கார்ந்திருந்தது. அனார்த்தோசைட் என்னும் பாறை வகை. வயது 400 கோடி ஆண்டுக்கு மேல். நிலா தோன்றிய புதிதில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக் குழம்பாக இருந்தது என்றும், எடை குறைந்த வெண்ணிறப் படிகங்கள் பாலில் ஆடை படர்வதுபோல மேலே மிதந்து இறுகி மேலோடாகின என்றும் அறிஞர்கள் தெளிந்தது இத்தகைய கற்களைக் கொண்டுதான். இளம் பூமியின்மீது வேறொரு கோள் மோதி, சிதறிய குழம்பு திரண்டு நிலாவாயிற்று என்று இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்தும் இந்த ஆய்வுகளின் வழியே வலுப்பெற்றது.

நீங்கள் நாமக்கல்லைக் குறிப்பிட்டிருப்பதால் இதை எழுதாமல் விட முடியவில்லை. அதே அனார்த்தோசைட் பாறை உங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் நிலத்துக்குமேல் கிடக்கிறது. சந்திரயான் 2 இறங்கிப் பழகுவதற்கு நிலாமண் வேண்டியிருந்தபோது, இந்திய விண்வெளி நிறுவனம் அந்த ஊர்ப் பாறையை இடித்துப் பொடியாக்கித்தான் பெங்களூருவில் பரப்பியது; சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையினர் அதற்கு உதவினர். உங்கள் பாட்டனார் கப்பலேறுமுன் செருப்பில்லாமல் நடந்த தரை அது.

கேள்வி: அவர்கள் நிலாவுக்குப் போன காலத்தில்தான், குடியுரிமை இல்லாததால் வேலை பெர்மிட் கிடைக்காமல் என் மாமா குடும்பம் தோட்டத்தைவிட்டுக் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. மண்ணில் இவ்வளவு துயரம் இருக்க அத்தனை பணத்தை வானத்தில் கொட்டியது நியாயமா? நியாயம் என்றால் ஏன் பாதியில் நிறுத்தினார்கள்? (தெலுக் இந்தான், தொழிற்சங்கத்தில் இருந்த பெரியவர்)

பதில்: ஐயா, உங்கள் கேள்வியை அமெரிக்க மண்ணிலேயே, ஏவுதளத்தின் வாசலிலேயே கேட்டவர்கள் உண்டு. அப்பல்லோ 11 புறப்படுவதற்கு முந்தின நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழரான ரால்ஃப் அபெர்னதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்று நின்றார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவர்களைச் சந்தித்தார்; ஏவுகணையை ஏவாமல் விட்டால் வறுமை தீரும் என்றால் ஏவமாட்டோம் என்ற பொருள்படப் பேசி, மறுநாள் பார்வையாளர் இடத்தில் அக்குடும்பங்களுக்கு இடமும் கொடுத்தார். இருவருமே உண்மையைத்தான் பேசினார்கள் என்று நான் நினைக்கிறேன். உங்கள் மாமா குடும்பம் கப்பலேறியது நிலாப் பயணத்தால் அன்று; அது நின்றிருந்தாலும் அந்தக் கப்பல் நின்றிருக்காது. அதற்காக உங்கள் கேள்வியின் நியாயம் குறைந்துவிடவும் இல்லை. அந்த ஆண்டை நினைக்கும்போது எனக்கும் இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன: வானொலியைச் சுற்றி நின்ற எங்கள் வகுப்பும், சில மாதங்களில் அதே வகுப்பில் வெறுமையாகிப்போன இருக்கைகளும்.

நிறுத்தியதற்குக் காரணம் பணமும் அரசியலும்தான். சோவியத்தை முந்தவேண்டும் என்பதற்காக 1961 மே மாதம் கென்னடி அறிவித்த இலக்கு அது. முந்தியதும் அவசரம் தீர்ந்துபோயிற்று. 1966-இல் அமெரிக்க நடுவண் அரசின் செலவில் நான்கு விழுக்காட்டுக்கும் மேல் நாசாவுக்குச் சென்றது. வியட்நாம் போர் விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அப்படித் தொடர முடியவில்லை. மொத்தத் திட்டத்துக்கும் அக்கால மதிப்பில் ஏறத்தாழ 2,500 கோடி டாலர் ஆயிற்று. 1970-ஆம் ஆண்டிலேயே மூன்று பயணங்களை நீக்கிவிட்டார்கள்.

செலவைக் குறைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அத்தனை வேகமாகக் கலைத்தது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். அவர்களை ஏற்றிச் சென்ற சாட்டர்ன் 5 ஏவுகணையின் உயரம் 110 மீட்டர். பத்துமலை முருகன் சிலையைப்போல் இரண்டரை மடங்கு. எஞ்சியவை இன்று அமெரிக்காவில் படுக்கைவாட்டில் காட்சிக்குக் கிடக்கின்றன. வரைபடம் காப்பகத்தில் இருக்கிறது. பற்றவைத்த கை, தைத்த கை, கம்பி கோத்த கை ஆகியவை வேறு வேலைக்குப் போய்விட்டன. மரத்தின் பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் பால் வரும், எவ்வளவு சீவினால் காயம்படும் என்பது உளி பிடித்த கைக்குத்தான் தெரியும். ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தபின் அந்தக் கை நம் ஊர்களிலும் அருகிவிட்டதை நீங்கள் கண்ணால் கண்டவர். 1972 டிசம்பருக்குப் பிறகு அரை நூற்றாண்டாகியும் நிலாத் தரையை மீண்டும் மிதிப்பது இவ்வளவு கடினமாக இருப்பதில் எனக்கு வியப்பே இல்லை.

கேள்வி: அவர்கள் முதலில் இறங்கிய இடத்தை எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்க்க முடியுமா? (தமிழ்ப்பள்ளி மாணவி, ஐந்தாம் ஆண்டு)

பதில்: இடத்தைப் பார்க்கலாம் கண்ணம்மா, விட்டுவந்த பொருள்களைப் பார்க்க முடியாது. கலத்தின் அகலம் கால்களையும் சேர்த்து ஒன்பது மீட்டர்தான். நிலாவோ 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உலகின் எந்தத் தொலைநோக்கிக்கும் இங்கிருந்து அது தெரியாது. ஆனால் அந்த அமைதிக் கடல் வெறும் கண்ணுக்கே தெரியும். அமாவாசையிலிருந்து ஆறு நாள் எண்ணிக்கொள். அன்று மாலை மழை மேகம் இல்லாவிட்டால், ஏழரை மணியளவில் மேற்கே திரும்பி நின்று அண்ணாந்து உயரத்தில் பார். நிலாவின் ஒளிப்பக்கம் கீழே கதிரவன் மறைந்த திசையை நோக்கியிருக்கும். அதன் கீழ்விளிம்புக்கருகே சற்று வலப்புறமாக ஒரு சிறு நீள்வட்டக் கருந்திட்டு தனியாக நிற்கும். அங்கிருந்து மேல்நோக்கி வந்தால் அதைவிடப் பெரிய கருந்திட்டு ஒன்று வரும். அதுதான் அமைதிக் கடல். அந்தத் திட்டு முடியும் இடத்தில், ஒளியும் இருளும் பிரியும் கோட்டை ஒட்டி, அவர்கள் இறங்கினார்கள். உன் பாட்டியையும் வாசலுக்கு அழைத்துக்கொள். நள்ளிரவு வாக்கில் நிலா மறைந்துவிடும்.